உன் உடலா, உங்கள் உடலா?

அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகரின் கண்காட்சிக்குப் போகிறவர்கள் முதலில் காலில் என்ன போட்டுக்கொண்டு போவது என்று யோசித்திருக்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஓர் அறையில் சுவரில் மட்டுமல்ல, தரை முழுக்கவும் எழுத்து. அதன்மேல் நடந்துதான் அந்தப் பக்கம் போக முடிந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இடம், லண்டன் கென்சிங்டன் தோட்டத்துக்குள் இருக்கும் செர்பன்டைன் தெற்குக் காட்சிக்கூடம். 2024 பிப்ரவரி 1 அன்று தொடங்கி, மார்ச் 17 வரை இருந்தது. திங்கட்கிழமை விடுமுறை. கட்டணம் கிடையாது. ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் ரயில் ஏறினால் மாறாமல் சவுத் கென்சிங்டனில் இறங்கலாம். பிறகு எக்சிபிஷன் சாலையில் அருங்காட்சியகங்களைத் தாண்டி வடக்கே நடக்க வேண்டும். கால் மணி நேரம் என்றாள் பேத்தி. என் முழங்காலுக்கு இருபத்தைந்து நிமிடம். 1934இல் தேநீர் மண்டபமாகக் கட்டி, 1970 முதல் கலைக்கூடமாக இருக்கும் சிறிய கட்டடம். சிறியதாக இருப்பது என் வயதுக்காரர்களுக்கு நல்லது. பெரிய மியூசியங்களில் மூன்றாவது அறையிலேயே படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாற்காலியைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

கண்காட்சியின் தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: ‘உன்னைத்தான் நினைக்கிறேன். அதாவது, என்னை. அதாவது, உன்னை.’ சொல்லிவிட்டேனே தவிர, ரயிலிலேயே இந்த ‘உன்னை’யில் மாட்டிக்கொண்டேன். அதுவும் பிறகு.

நான் கலை விமர்சகர் அல்ல. 1984 முதல் 2008 வரை சென்னையில் ஒரு வார இதழில் லே-அவுட் செய்தவள். பெயர் எதற்கு, அன்றைக்கு எல்லா இதழ்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன. கணினி வருவதற்கு முன் எங்கள் வேலைக்கு ‘பேஸ்ட்-அப்’ என்று பெயர். எழுத்து பிரோமைடு என்ற புகைப்படத் தாளில் வரும். அதை பிளேடால் நறுக்கி, பின்பக்கம் ரப்பர் சொல்யூஷன் தடவி, வெளிர்நீலப் பென்சிலால் கோடு போட்ட அட்டையில் நேராக ஒட்ட வேண்டும். அந்த நீலக் கோடு கேமராவில் விழாது. வரி கோணலாக ஒட்டப்பட்டிருந்தால் மட்டும் அச்சில் அப்பட்டமாக விழும். மாலையில் வீட்டுக்குப் போனால் விரல் நுனியில் காய்ந்த பசையை உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டே சோறு கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

க்ரூகரும் இந்தத் தொழிலிலிருந்து வந்தவர்தான். 1945இல் நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரில் பிறந்தவர். இருபது வயதுகளில் நியூயார்க்கில் ‘மத்மஸேல்’ என்ற பெண்கள் இதழில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தார். கலைக்கூடங்களுக்கு வந்த பிறகும் கை மாறவில்லை. எங்கோ ஒரு பழைய பத்திரிகையிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், அதன்மேல் ஃப்யூச்சுரா போல்ட் எழுத்தில், வலப்பக்கம் சாய்ந்தபடி நாலைந்து சொற்கள், சிவப்புப் பட்டை, சுற்றிலும் சிவப்புச் சட்டம். அவ்வளவுதான் சரக்கு. அவருடைய ஆரம்பகால வேலைகளைக் கலை உலகம் இன்றும் ‘பேஸ்ட்-அப்’ என்றே சொல்கிறது. அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு மூக்கில் ரப்பர் சொல்யூஷன் வாசனை வந்துவிட்டது. மருமகளிடம் சொல்லி, பேத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பியது அதனால்தான்.

அவருடைய படங்களிலேயே உலகம் சுற்றியது 1989இல் செய்த ஒன்று. ஒரு பெண் முகம், நேருக்கு நேர். உச்சி வகிடிலிருந்து மோவாய் வரை நடுவில் ஒரு கோடு. ஒரு பாதி பாசிட்டிவ், மறு பாதி நெகட்டிவ். அதன்மேல் மூன்று சிவப்புப் பட்டைகள், வெள்ளை எழுத்து: ‘உன் உடல் ஒரு போர்க்களம்’. கலைக்கூடத்துக்காகச் செய்தது அல்ல. கருக்கலைப்பு உரிமையைக் காக்கக் கோரி 1989 ஏப்ரல் 9 அன்று வாஷிங்டனில் பெண்கள் நடத்திய பேரணிக்காகச் செய்த சுவரொட்டி அது. தேதி, இடம், வழக்கு விவரம் எல்லாம் அதிலேயே அச்சாகியிருந்தது. 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த உரிமை அப்போது மறுபடி நீதிமன்றத்தின் முன் வந்திருந்தது. அன்றைக்குத் தப்பியது. 2022 ஜூன் 24 அன்று அதே நீதிமன்றம் அதை எடுத்துவிட்டது. நடுவில் 1991இல் இதே படம் போலிஷ் மொழியில் வார்சா நகரத்துச் சுவர்களில் ஏறியது. முப்பத்தைந்து வருடம் கழித்தும் ஒரு சுவரொட்டிக்கு வேலை இருக்கிறது என்பது அதை வரைந்தவருக்குப் பெருமையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முகத்தை ஏன் பாதி நெகட்டிவ் ஆக்கினார் என்று பலரும் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். லே-அவுட் மேஜையிலிருந்து பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. நெகட்டிவில் உதடு வெளுத்துவிடும், பல் கறுத்துவிடும், கண் ஓட்டை ஆகிவிடும். அழகான முகம் என்று நாம் நினைப்பதெல்லாம் வெறும் வெளிச்சக் கணக்கு என்பது ஃபிலிம் ரூமில் நின்றவர்களுக்குத் தெரியும். அட்டைப்படத்துக்கு வரும் நடிகைகளின் நெகட்டிவை விளக்கு மேஜையில் வைத்துத் தினமும் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கொருவர் வித்தியாசமே தெரியாது. க்ரூகர் அந்த ஃபிலிம் ரூமை அப்படியே தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அந்தப் பட்டைகள் எனக்கு வேறொன்றையும் நினைவுபடுத்தின. அதை எழுதுவதற்குத்தான் இந்த விமர்சனத்தையே எழுத உட்கார்ந்தேனோ என்றும் தோன்றுகிறது.

எண்பதுகளின் பிற்பகுதியில் ‘ஸ்டவ் வெடித்து’ இளம் மனைவிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். வாரம் ஒரு செய்தியாவது வரும். அப்படி ஒரு பெண்ணின் படம் அட்டைக்கு வந்தது. கல்யாண ஆல்பத்திலிருந்து பிய்த்துக் கொடுத்த படம், பின்பக்கம் கறுப்பு அட்டையின் நார் ஒட்டிக்கொண்டிருந்தது. தலைப்பு ‘கொலையா? தற்கொலையா?’ வழக்கமாகத் தலைக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தில் தலைப்பைப் போடுவேன். அந்த வாரம் இதழோடு ஷாம்பு பாக்கெட் இலவசம். மேல்பக்கம் முழுவதும் அந்த அறிவிப்புக்குப் போய்விட்டது. வலப்பக்கம் தொடர்கதை விளம்பரம். எழுத்தைச் சிறியதாக்கக் கூடாது என்று உத்தரவு. மிச்சமிருந்த ஒரே இடம் அவளுடைய வாய். கறுப்புப் பட்டை போட்டு, வெள்ளை எழுத்தில், உதட்டை மூடி ஒட்டினேன். மூக்குத்தியும் பொட்டும் கண்களும் பட்டைக்கு மேலே நின்றன. ‘கச்சிதமாக வந்திருக்கிறது’ என்றார் சீனியர். எனக்கும் அப்படித்தான் பட்டது. அதுதான் உண்மை. வேலை நேர்த்தியாக இருந்தது.

படமும் எழுத்தும் சேரும் இடத்தில் யாருடைய வாய் மூடப்படுகிறது என்று க்ரூகர் கேட்கிறார் என்பார்கள். கேட்கிறார்தான். ஆனால் அதைவிட முக்கியமானது, அதே பிளேடையும் அதே பசையையும் வைத்துக்கொண்டு கேட்கிறார். விளம்பரக்காரன் பெண்ணைக் கூப்பிடும் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு, அவன் சொல்லாத வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறார். தொழில் தெரிந்தவர் செய்த திருட்டு.

சரி, கண்காட்சிக்கு வருகிறேன். எனக்குப் பெரிய ஏமாற்றம், அந்தப் போர்க்களப் படம் இங்கே தாளில் இல்லை என்பது. எல்.இ.டி. திரையில் இருக்கிறது. 2019இல் க்ரூகர் தம் பழைய வேலைகள் சிலவற்றை வீடியோவாக்கினார். படம் ஜிக்சா துண்டுகளாகச் சிதறுகிறது, சத்தத்தோடு மறுபடி ஒன்று சேர்கிறது, சேரும்போது வாசகம் மாறிவிடுகிறது. ‘உன் உடல் ஒரு போர்க்களம்’ என்று இருந்தது ‘உன் மனவுறுதி விற்கப்பட்டு வாங்கப்படுகிறது’ என்கிற மாதிரி வேறொன்றாகிறது. 1987இல் செய்த ‘வாங்குகிறேன், ஆகவே இருக்கிறேன்’ படத்துக்கும் இதே கதி. ‘வாங்குகிறேன், ஆகவே குவிக்கிறேன்’ என்று மாறி, கடைசியில் ‘இறக்கிறேன், ஆகவே இருந்தேன்’ வரை போகிறது. இந்தக் கடைசி வாசகம் நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வாக்கியத்தை வெட்டி ஒட்டிவிட்டு அதோடு வாழ்வது என்று ஒன்று உண்டு. ஒட்டியபின் மாற்ற முடியாது என்ற பயத்தில்தான் நாங்கள் சொல்லைத் தேர்ந்தெடுத்தோம். நிமிடத்துக்கு ஐந்து வாசகம் மாறினால் எதுவும் மனதில் தங்குவதில்லை. எதிரே நின்ற கூட்டம் முழுவதும் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த வாசகத்துக்காகக் காத்திருந்தது.

பேத்தி ஒப்புக்கொள்ளவில்லை. “பாட்டி, நாங்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் பார்க்கிறோம். அவர் எங்களுக்காக மாற்றியிருக்கிறார்” என்றாள். எழுபத்தொன்பது வயதிலும் பதினைந்து வயதுக்காரிக்காக யோசிக்கிறவர் என்றால் மரியாதைதான். இருந்தாலும் அந்தத் திரைகளுக்குப் பக்கத்தில் பசை மஞ்சளாகக் காய்ந்த ஒரே ஒரு மூலப் பேஸ்ட்-அப்பைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கலாம்.

திரையின் முன் நின்றுதான் அவள் கேட்டாள். “பாட்டி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?”

“உன் உடல் ஒரு போர்க்களம்.”

“ஏன் ‘உன்’? அவர் எல்லாப் பெண்களிடமும் பேசுகிறார் இல்லையா? ‘உங்கள்’ என்றுதானே வர வேண்டும்?”

அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஆங்கிலத்தில் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் நீயும் உண்டு, நீங்களும் உண்டு. ஒருத்தியா, லட்சம் பேரா, பெரியவளா, சின்னவளா எதையும் அது காட்டிக்கொடுக்காது. க்ரூகரின் மொத்த வித்தையும் அந்த மறைப்பில்தான் இருக்கிறது. எதிரே நிற்கிறவர் ஆணானாலும் பெண்ணானாலும் ‘என்னைத்தான் சொல்கிறாரா?’ என்று ஒரு கணம் திடுக்கிட வேண்டும். தமிழில் வாயைத் திறந்ததுமே முறை வைத்துத்தான் பேசியாக வேண்டும். ‘உன்’ என்று அம்மா சொல்வாள், தோழி சொல்வாள், சாமியிடம் நாமே சொல்வோம். காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வந்த ஏழைப் பெண்ணிடமும் ‘உன்’தான். ‘உங்கள்’ என்பது யார் வாயில் அதிகம் வரும் என்று யோசித்தேன். சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் கூந்தலுக்கு, உங்கள் சருமத்துக்கு, உங்கள் இடுப்புச் சதைக்கு. நான் ஒட்டிய விளம்பரங்களில் ஒன்றில்கூடப் பெண்ணை ‘நீ’ என்று கூப்பிட்டதில்லை. அவள் கறுப்பு, குண்டு, முடி கொட்டியவள் என்று சொல்லும்போதுதான் நம் ஊரில் அவளுக்கு மரியாதைப் பன்மை கிடைத்தது.

“அப்படியானால் விளம்பரத்தைக் கிண்டல் செய்வதற்கு ‘உங்கள்’தான் சரி” என்று பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இரண்டு பழைய படங்களைக் கைபேசியில் எடுக்கச் சொன்னேன். ஒன்று 1981இல் செய்தது. ஒரு பெண்ணின் கற்சிலை, பக்கவாட்டு முகம், இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சொல் சொல்லாக வாசகம். ‘உன் பார்வை என் கன்னத்தில் அறைகிறது’ என்று சொல்லலாம். அங்கே ‘உங்கள் பார்வை’ என்று போட்டால் மனுக் கொடுப்பது போலாகிவிடும். இதை அவள் ஏற்றுக்கொண்டாள். இன்னொன்று 1987இல் வந்தது. ஒரு பொடியன் கையை மடக்கிப் புஜம் காட்டுகிறான், பின்னல் போட்ட சிறுமி அதை விரலால் தொட்டுப் பார்க்கிறாள். இன்னொரு நாயகன் வேண்டாம் என்கிறது பட்டை. யாருக்கு வேண்டாம்? ‘நமக்கு’ என்றால் அந்தப் பையனும் சேர்த்தி. ‘எங்களுக்கு’ என்றால் அவன் தனியாக நிற்கிறான். இந்த நாம், நாங்கள் வித்தியாசம் ஆங்கிலத்தில் இல்லை என்பதே பேத்திக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பிறந்ததிலிருந்து இரண்டையும் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் ‘எங்களுக்கு’ என்றேன். அவள் ‘நமக்கு’ என்றாள். இந்தத் தலைமுறை ஆண்பிள்ளைகள் மீது அவளுக்கு என்னைவிட நம்பிக்கை அதிகம் போலிருக்கிறது.

இனி அந்தத் தரை.

‘என்றென்றும்’ என்ற அந்த வேலை 2017இல் பெர்லினில் முதலில் வைக்கப்பட்டது. இங்கே இந்தக் கட்டடத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்திருக்கிறார்கள். அறை முழுவதும் கறுப்பு வெள்ளை வினைல், வண்ணமே இல்லை. ஒரு சுவரில் ‘நீ’ என்ற சொல் ஆள் உயரத்துக்கும் மேலாக. அதன் கீழே உள்ள எழுத்துகள் குவிந்த கண்ணாடியில் தெரிவதுபோல நடுவில் வீங்கி, ஓரத்தில் சுருங்கிப் போகின்றன. வாசகம் ஆங்கில எழுத்தாளர் வெர்ஜினியா வுல்ஃபுடையது. ஆணின் உருவத்தை இரண்டு மடங்காகக் காட்டும் கண்ணாடியாகவே இத்தனை நூற்றாண்டும் பெண்கள் இருந்திருக்கிறார்கள் என்கிறார் அவர். கண்ணாடியைப் பற்றிய வாக்கியத்தைக் கண்ணாடிபோலவே அச்சடித்திருப்பது சுலபமான யோசனை என்று தூரத்திலிருந்து நினைத்தேன். கிட்டே போனால் நடுவில் உள்ள எழுத்து கண்ணுக்கு அடங்குவதில்லை, ஓரத்தில் உள்ளதைக் குனிந்து படிக்க வேண்டியிருக்கிறது. உடம்பை வளைத்துப் படித்தேன். சுலபமான யோசனை அல்ல.

தரையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் வாசகம். எதிர்காலத்தின் படம் வேண்டுமென்றால், மனித முகத்தை மிதித்துக்கொண்டிருக்கும் பூட்ஸ் கால் ஒன்றைக் கற்பனை செய்துகொள், என்றென்றைக்கும் என்று போகிறது அது. எல்லோரும் அதன்மேல் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை எழுத்துக்கு எழுத்து தாவி விளையாடியது. என்னால் கால் வைக்க முடியவில்லை. சிறு வயதில் செய்தித்தாள் காலில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்க்கப்பட்டவள். அலுவலகத்தில் நறுக்கிப் போட்ட பிரோமைடுத் துண்டுகள் மேஜைக்கடியில் மலைபோலக் குவியும்போதும் காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்வேன். மற்றவர்கள் கேலி செய்வார்கள். இங்கே வாசலில் அப்படியே நின்றேன். காவலுக்கு நின்றவர், நான் பயப்படுகிறேன் என்று நினைத்திருப்பார் போல, தாராளமாக நடக்கலாம் என்று கையைக் காட்டினார்.

நடந்தேன். எழுத்துகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியாகப் பார்த்து வைத்து வைத்துப் போனேன். அப்படியும் இரண்டு இடத்தில் மிதித்துவிட்டேன். மிதிக்கும்போதுதான் என்ன வாசகம் என்பது முழுதாகப் புரிந்தது. மிதிபடும் முகத்தைப் பற்றிப் படித்துக்கொண்டே மிதிக்க வைக்கிறார். காலில் பூட்ஸ்தான் போட்டிருந்தேன், பிப்ரவரிக் குளிருக்காக மகன் வாங்கிக் கொடுத்தது. வெளியே வந்ததும் பழக்கம் விடாமல் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பேத்தி சுற்றும் முற்றும் பார்த்தாள். இந்த ஓர் அறைக்காகவே இன்னொரு முறை வரலாம் என்று தோன்றியது.

இன்னொரு அறையில் மூன்று திரைகள். அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் சொல்லும் கொடி உறுதிமொழி, உயில், கல்யாண உறுதிமொழி, மூன்றும் தட்டச்சு செய்வதுபோல வரி வரியாக வருகின்றன. ஒவ்வொரு முக்கியமான சொல் வரும்போதும் எழுத்து நின்று, அந்தச் சொல்லுக்குப் பதிலாக வேறொரு சொல், பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று அழித்து அழித்து எழுதி, அதன்பின் மேலே போகிறது. புரூஃப் பார்த்தவர்களுக்கு இது விருந்து. சரியான சொல்லைப் போடாதே, சௌகரியமான சொல்லைப் போடு என்று ஆசிரியர் குழுவில் நடக்கும் இழுபறியை இவ்வளவு அழகாக யாரும் காட்டியதில்லை. கல்யாண உறுதிமொழித் திரையின் முன்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் கவனித்தேன். சிலர் சத்தமாகவே சிரித்தார்கள்.

‘கருத்து இல்லை’ என்ற 2020ஆம் ஆண்டு வீடியோ எனக்கு அலுப்புத் தட்டியது. பூனைகள், கூந்தல் அலங்காரப் பாடங்கள், முகம் மங்கலாக்கிய செல்ஃபிகள், நடுநடுவே பெரியவர்களின் பொன்மொழிகள். இதைப் பார்க்க வீட்டைவிட்டு வர வேண்டுமா? கூடத்தில் அங்கங்கே ஒலிபெருக்கியிலிருந்து ஒரு குரல் ‘ஹலோ’ என்கிறது, மன்னிப்புக் கேட்கிறது. ஆறாவது தடவை கேட்டபோது மன்னித்துவிடலாம் என்று ஆகிவிட்டது.

பேத்தியின் லேப்டாப்பில் சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் ‘சுப்ரீம்’ என்ற ஸ்டிக்கர் ஒன்று உண்டு. 1994இல் தொடங்கிய நியூயார்க் ஆடை நிறுவனம். அந்த எழுத்தும் பட்டையும் க்ரூகரிடமிருந்து வந்தவை என்பது ஊரறிந்த விஷயம். வேடிக்கை என்னவென்றால், 2013இல் அந்த நிறுவனம், தன் பெயரோடு ஒரு வசைச்சொல்லைச் சேர்த்து பனியன் போட்ட ஒரு பெண் வடிவமைப்பாளர் மீது 1 கோடி டாலர் நட்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டது. க்ரூகரிடம் பத்திரிகையாளர்கள் கருத்துக் கேட்டார்கள். அவர் எழுதி அனுப்பிய பதிலை இங்கே அச்சிட முடியாது. இந்தக் கதையைச் சொன்னதும் பேத்தி ஸ்டிக்கரை உரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். உரிக்கவில்லை. “அப்படியானால் இது அவருடையதுதானே” என்றாள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். க்ரூகரின் படங்களில் வரும் பெண் முகங்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பழைய பத்திரிகைகளில் கிடைத்தவை. அந்தப் பத்திரிகைகள் யாரை அழகு என்று அச்சிட்டனவோ அவர்கள்தான் இங்கேயும் வருகிறார்கள். விளம்பரத்தை அதன் வாயாலேயே திட்டும்போது அதன் கண்ணாலேயே பார்க்க வேண்டியும் வந்துவிடுகிறது. கறுப்பினப் பெண் புகைப்படக் கலைஞரான கேரி மே வீம்ஸ் 1990இல் தம் சமையலறை மேஜையில் தாமே உட்கார்ந்து, மேலே ஒரே விளக்கு தொங்க, 20 படங்களும் 14 எழுத்துப் பலகைகளுமாக ஒரு தொடர் செய்தார். அங்கே எழுத்து படத்தின்மேல் ஏறவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறது. கொரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர்கள் குழுவினர், போர்க்களப் படம் வந்த அதே 1989இல், நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தின் நவீனப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாண ஓவியங்களிலோ 85 சதவீதம் பெண்கள் என்று எண்ணிச் சுவரொட்டி போட்டார்கள். எனக்கு க்ரூகர்தான் இன்னமும் பிடிக்கிறது, தொழில் பாசம். ஆனால் வீம்ஸின் மேஜையில் எனக்கும் ஒரு நாற்காலி போடலாம் என்று தோன்றும். க்ரூகரின் படத்தில் நான் என்றைக்கும் ஒட்டுகிற ஆள்தான்.

சுற்றிப் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. வார நாளில் காலை பத்து மணிக்கே போனவர்கள் தரையறையை ஆள் இல்லாமல் பார்த்திருக்கலாம். திரைகளின் சத்தமும் மினுக்கலும் தலைவலிக்காரர்களுக்கு ஆகியிருக்காது. பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கலாம், ஓரிரு கெட்ட வார்த்தைகள் வந்தன, பேருந்தில் அவர்கள் கேட்காதது எதுவும் இல்லை.

திரும்பி வந்த இரவே பேத்தி சாப்பாட்டு மேஜையில் வேலையை ஆரம்பித்துவிட்டாள். தன் முகத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, ஒரு பாதியை நெகட்டிவாக மாற்றி அச்செடுத்தாள். வாசகத்தைச் சிவப்புப் பட்டையில் தமிழில் அடித்துக் கொடுத்தேன். சாய்வெழுத்து வேண்டும் என்றாள். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் ஓடுவதுபோல இருக்காது, தடுக்கி விழுவதுபோல இருக்கும் என்று சொல்லி நிமிர்த்தியே வைத்தேன். கத்தரிக்கோலால் பட்டையை ஒட்ட வெட்டியதில் ‘போர்க்களம்’ என்பதில் கடைசி எழுத்தின் புள்ளி போய்விட்டது. தமிழில் தலைக்கு மேலே இடம் விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்பதை எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, முதல் வாரமே ஒரு தலைப்பில் இரண்டு புள்ளிகளைத் தின்றுவிட்டுத் திட்டு வாங்கினேன். வெள்ளைத் திருத்த மையால் அவளே புள்ளி வைத்தாள். மேஜையெல்லாம் பசை. “அத்தை, நீங்களுமா இவளோடு சேர்ந்துகொண்டு?” என்று மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

‘ஒரு’வும் ‘போர்க்களம்’உம் ஒட்டியாகிவிட்டது. மேல் பட்டை இன்னும் ஒட்டவில்லை. ‘உன் உடல்’ ஒன்று, ‘உங்கள் உடல்’ ஒன்று, இரண்டும் ஃபிரிட்ஜ் கதவில் ஒரே காந்தத்தின் கீழ் நான்கு நாளாகத் தொங்கிக்கொண்டிருக்கின்றன.